முதல் தடவை கப்பிங்: சின்சேயிடம் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கழுத்தைத் திருப்ப முடியவில்லை, தோள்பட்டை இறுகிக் கிடக்கிறது என்று சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "சின்சேயிடம் போய் ஒரு தடவை கப்பிங் போட்டுக்கொள்ளுங்களேன்" என்று பதில் வந்துவிடும். சின்சே என்றால் சீன வைத்தியர். கப்பிங் என்றால் தோலில் கப்பைக் கவிழ்த்துச் சதையை உறிஞ்சி இழுக்கும் சிகிச்சை. முன்பு சீன அண்டை வீட்டார்தான் சொல்வார்கள், இப்போது நம்மவர்களும் சொல்கிறார்கள். ஆனால் அங்கே போனால் என்ன நடக்கும், நெருப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டுமா, யார் போகவே கூடாது என்பதையெல்லாம் யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. முதல் தடவை போகிறவர்களுக்காக அதை இங்கே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இறுகிப்போன தசைக்குக் கப்பிங் நல்ல விஷயம். அதற்கு மேல் அதனிடம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். முதல் தடவை கொஞ்சமாகவே செய்துகொள்ளுங்கள்: ரத்தம் எடுக்காத உலர் கப்பிங், நான்கைந்து கப், பத்து நிமிடத்துக்குள். எந்த மாதிரிக் கப் என்பதை விட அதை வைக்கிற கை யாருடையது என்பதுதான் முக்கியம்.

கப் எப்படி ஒட்டிக்கொள்கிறது

சீன மொழியில் இதற்குப் பா குவான் என்று பெயர். கண்ணாடிக் கப்புக்குள் நொடி நேரம் தீயைக் காட்டினால் உள்ளே இருக்கும் காற்று சூடாகி விரிந்து, கொஞ்சம் வெளியேறிவிடும். கப்பை உடனே தோலில் கவிழ்த்தால் மிச்சக் காற்று ஆறிச் சுருங்கும், உள்ளே அழுத்தம் குறையும். தோலும் அதன் அடியில் உள்ள சதையும் மேலே இழுபடும். மசாஜ் அழுத்துகிறது, கப்பிங் இழுக்கிறது. இழுபட்ட இடத்தில் ரத்த ஓட்டம் கூடும். தோலுக்குக் கீழே இருக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் சில உடைந்து வட்ட வட்டமாக ரத்தக்கட்டு விழும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸின் தோளில் உலகமே பார்த்தது அதைத்தான்.

சீன வைத்தியம் இதை வேறு விதமாக விளக்கும். உடம்பில் சீ என்ற உயிராற்றலும் ரத்தமும் ஓடுகிற பாதைகள் உண்டு. குளிரும் ஈரமும் உள்ளே புகுந்து ஓட்டம் தேங்கினால் வலி வரும், தேக்கம் விட்டால் வலி போகும். முதுகுத்தண்டின் இரு பக்கமும் மேலிருந்து கீழே இறங்கும் பாதையைச் சிறுநீர்ப்பைப் பாதை என்பார்கள். முதுகில் வைக்கும் கப் பெரும்பாலும் அந்த வரிசையில்தான் உட்காரும். அந்த வரிசையில் நீளவாக்கில் பெரிய தசைகள் இருப்பதால், இந்தத் தத்துவத்தை நம்பினாலும் நம்பாவிட்டாலும் கப் போகிற இடம் சரியான இடம்தான்.

வெகு காலமாக இருந்துவரும் முறை இது. 1973-இல் ஹுனான் மாகாணத்துச் சாங்ஷா நகரத்தில், மாவாங்துய் என்ற இடத்தில் ஒரு கல்லறையைத் தோண்டினார்கள். கி.மு. 168-இல் மூடப்பட்ட கல்லறை அது. உள்ளே பட்டில் எழுதிய மருத்துவச் சுவடிகள் கிடைத்தன. அவற்றில் ஒன்று, மூல நோய்க்குச் சிறு கொம்பை வைத்து உறிஞ்சி இழுக்கும் முறையைச் சொல்கிறது. மாட்டுக் கொம்புக்குப் பிறகு மூங்கில் வந்தது, மண்பாண்டம் வந்தது, இப்போது கண்ணாடி, பிளாஸ்டிக், சிலிக்கோன். ஹிஜாமா என்ற கப்பிங் முறை தெரிந்த முஸ்லிம் குடும்பத்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஆனால் ஹிஜாமாவில் பெரும்பாலும் தோலைக் கீறி ரத்தம் எடுப்பார்கள். சீனக் கப்பிங்கில் அதிகம் நடப்பது கீறல் இல்லாத உலர் முறை.

பலன் உண்டா? கழுத்து வலிக்கும் கீழ்முதுகு வலிக்கும் கொஞ்ச காலத்துக்கு நிவாரணம் கிடைக்கிறது என்று சொல்லும் ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் பல ஆய்வுகள் சிறியவை. கப் வைத்தார்களா இல்லையா என்பது படுத்திருப்பவருக்கே தெரிந்துவிடுவதால், குணம் கப்பால் வந்ததா நம்பிக்கையால் வந்ததா என்று பிரித்துப் பார்ப்பதும் கடினம். உடம்பில் உள்ள நச்சை எடுக்கும், சர்க்கரையைக் குறைக்கும், எடையைக் குறைக்கும் என்று யாராவது விளம்பரம் செய்தால் அந்தக் கடைப் பக்கம் போகாதீர்கள்.

யார் போகக் கூடாது

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். கப்பிங்கில் கெட்டது நடந்தால் அது பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், குளோபிடோக்ரெல் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்கள் போகக் கூடாது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு தினமும் ஆஸ்பிரின் போடுபவர்களும் இதில் சேர்த்தி. "அது சின்ன மாத்திரைதானே" என்று பலர் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள், தயவுசெய்து சொல்லுங்கள். ரத்தத் தட்டணுக்கள் குறைந்தவர்கள், ஹீமோஃபிலியா என்ற ரத்தம் சரியாக உறையாத நோய் உள்ளவர்கள், அண்மையில் டெங்கு வந்து தேறியவர்கள் எல்லாரும் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் கப் பக்கம் போக வேண்டாம்.

நம்மில் சர்க்கரை நோய் அதிகம் என்பதால் அதைத் தனியாகச் சொல்கிறேன். சர்க்கரையால் நரம்பு பாதித்தவர்களுக்குச் சூடும் வலியும் சரியாகத் தெரியாது. கப் சுடுகிறது என்று சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்ல மாட்டார்கள், கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். புண் ஆறவும் நாளாகும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் இதைத் தள்ளிப் போடுங்கள். கட்டுக்குள் இருந்தாலும் கால், பாதத்தில் வேண்டாம்.

கர்ப்பிணிகளுக்கு வயிற்றிலும் கீழ்முதுகிலும் கப் வைக்கக் கூடாது. அந்த மாதங்களில் எங்குமே வேண்டாம் என்பேன். சோரியாசிஸ் உள்ளவர்களுக்குக் கப் இழுத்த இடத்திலேயே புதிதாகத் திட்டுகள் கிளம்பலாம். எக்ஸிமா, வெயில் பட்டு எரிந்த தோல், ஆறாத புண், பெரிய மச்சம், புடைத்த ரத்த நாளம் உள்ள இடங்களைத் தொடவே கூடாது. கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து அடைப்பு வந்தவர்கள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், காகிதம் மாதிரி தோல் மெலிந்துபோன முதியவர்கள் போக வேண்டாம். காய்ச்சலோடும் போகாதீர்கள். எல்லா இடத்திலும் கப் வைக்கலாம் என்ற பேச்சு சீன வைத்தியத்திலேயே கிடையாது. 4-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கே ஹோங் என்ற மருத்துவரே சில வகைக் கட்டிகளில் கொம்பு வைக்கக் கூடாது என்று எச்சரித்திருக்கிறார்.

இன்னொன்று. எல்லா முதுகு வலியும் தசை வலி அல்ல. வலியோடு கால் மரத்துப்போனால், சிறுநீர் மலம் அடக்க முடியாமல் போனால், காய்ச்சல் சேர்ந்து வந்தால் நேரே மருத்துவமனைக்குப் போங்கள். நெஞ்சு அழுத்தத்தோடு இடது தோளும் கையும் வலித்தால் சின்சேயைத் தேட நேரமில்லை, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

ஆளைப் பார்த்துப் போங்கள்

சிங்கப்பூரில் சீன மருத்துவர்களுக்குத் தனிச் சட்டமே 2000-இல் வந்தது. பதிவு பெற்ற சின்சேயின் பெயரை அதற்கான வாரியத்தின் இணையப் பதிவேட்டில் தேடிப் பார்க்கலாம். மலேசியாவில் பாரம்பரிய மருத்துவச் சட்டம் 2016-இல் வந்தது. மசாஜ் கடைகளிலும் கப் வைக்கிறார்கள். அங்கே கைதேர்ந்தவர்கள் இருக்கலாம், ஆனால் உங்கள் மாத்திரைகளைப் பற்றிக் கேட்க அவர்களுக்குத் தோன்றாது. முதல் தடவைக்குப் பதிவு பெற்ற சின்சேயே நல்லது.

சீன வைத்தியசாலைக்குள் நுழைய நம்மவர்கள் சிலருக்குத் தயக்கம் இருக்கிறது. தேவையே இல்லை. சிங்கப்பூரில் 1867-இல் தொடங்கிய தோங் சாய் மருத்துவ நிலையம், இனம் மதம் பார்க்காமல் ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்க்க வேண்டும் என்றே உருவானது. உள்ளே போய்ப் பேர் கொடுத்து உட்காருங்கள், அவ்வளவுதான்.

தொலைபேசியில் பதிவு செய்யும்போதே மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள். ஆலோசனைக் கட்டணம் வேறு, கப்பிங் கட்டணம் வேறா? நெருப்பு வைத்துச் செய்கிறார்களா, பம்ப் வைத்தா? கப்பை ஒவ்வொருவருக்குப் பிறகும் கழுவிக் கிருமி நீக்குகிறார்களா? மூன்றாவது கேள்விக்குப் பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள். நேரில் போன பிறகு, உங்கள் நோய், மாத்திரை எதையும் விசாரிக்காமல் "சட்டையைக் கழற்றிப் படுங்கள்" என்று ஒருவர் சொன்னால், நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடலாம்.

போகும் நாளில்

வெறும் வயிற்றோடு போகாதீர்கள், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டும் போகாதீர்கள். ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு முன் இட்லியோ கஞ்சியோ சாப்பிட்டிருந்தால் சரி. அன்றைக்கு மது கூடாது. ஜிம்மில் வியர்க்க விறுவிறுக்க உழைத்துவிட்டு நேரே போகவும் வேண்டாம். கழுத்துச் செயினைக் கழற்றிப் பத்திரமாக வையுங்கள். தளர்வான, கழுத்து மூடிய மேல்சட்டை போட்டுக்கொள்ளுங்கள், திரும்பி வரும்போது அது உதவும். முதுகில் முடி அதிகம் உள்ள ஆண்களுக்குக் கப் பிடிக்காமல் காற்று கசியும். அதற்காக அன்று காலையில் சவரம் செய்துவிடாதீர்கள், கண்ணுக்குத் தெரியாத வெட்டுக்காயங்கள் வரும். கொஞ்சம் வாசலின் தடவினால் போதும், சின்சேயே பார்த்துக்கொள்வார்.

படுக்கையில் என்ன நடக்கும்

முதலில் உட்கார வைத்துப் பேசுவார். நாக்கை நீட்டச் சொல்வார். இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து நாடி பார்ப்பார். தூக்கம், சாப்பாடு, மலச்சிக்கல் என்று கழுத்துக்குச் சம்பந்தமில்லாததையும் கேட்பார், பதில் சொல்லுங்கள். மாத்திரைப் பட்டியலை நீங்களாகவே எடுத்து நீட்டிவிடுங்கள்.

பிறகு குப்புறப் படுக்கச் சொல்வார். முகத்துக்கு ஓட்டை வைத்த படுக்கையாக இருக்கும். நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், நடப்பது கண்ணுக்குத் தெரியாது. அதனால் என்ன நடக்கிறது என்று விவரமாகவே சொல்கிறேன்.

அவர் வலது கையில் நீண்ட இடுக்கி இருக்கும். அதன் நுனியில் ஸ்பிரிட்டில் நனைத்து நன்றாகப் பிழிந்த பஞ்சு. பிழிவதுதான் முக்கியம், சொட்டுகிற பஞ்சு எரியும் துளியாக முதுகில் விழும். இடது கையில் கப்பை உங்கள் முதுகுக்குப் பக்கத்திலேயே சாய்த்துப் பிடித்திருப்பார். பஞ்சைப் பற்ற வைத்து, கப்பின் உள்ளே அடிப்பகுதி வரை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி வெளியே எடுப்பார். விளிம்பில் தீ படக் கூடாது, தோலில் உட்காரப் போவது விளிம்புதான். தீ வெளியே வந்த மறுநொடி கப் முதுகில் இருக்கும். கை பழகியவர் செய்தால் கப் சுடாது, வெதுவெதுப்பு கூடச் சிலருக்குத் தெரியாது. இந்த முறையில் தீ எரிந்துகொண்டே இருக்கும் கப்பை உங்கள் மேல் வைப்பதில்லை.

கப் உட்கார்ந்ததும் சதை பூரி போல உப்பி உள்ளே எழும்பும். முதலில் வெடுக்கென்ற ஒரு இழுப்பு. ஒரு நிமிடம் இறுக்கமாக இருக்கும், அப்புறம் கனமான ஒரு பிடிப்பாக மாறி, பலருக்குத் தூக்கமே வந்துவிடும். அப்படி இருந்தால் எல்லாம் சரி. கூர்மையாகக் குத்தினால், எரிந்தால், மரத்துப்போனால் அடுத்த நொடியே சொல்லுங்கள். தாங்கிக்கொள்வதால் கூடுதல் பலன் எதுவும் கிடையாது. வயதான சின்சே சிலருக்கு மாண்டரின் மட்டுமே வரும். "தாங்" என்றால் சுடுகிறது, "தோங்" என்றால் வலிக்கிறது, "தாய் ஜின்" என்றால் ரொம்ப இறுக்கம். இந்த மூன்றும் போதும்.

தலை சுற்றி, குளிர்ந்த வியர்வை வந்து, குமட்டினால் அது கப்பிங்கில் வரக்கூடிய மயக்கம். கப்பை எல்லாம் எடுத்துவிட்டு, மல்லாந்து படுக்க வைத்து, வெந்நீர் கொடுப்பார்கள், சரியாகிவிடும். முதல் தடவை போகிறவர்களுக்கும் பசியோடு போகிறவர்களுக்கும்தான் இது அதிகம். உங்களைத் தனியாக விட்டு அவர் வெளியே போவதானால் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு மணியாவது இருக்க வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

முதல் தடவைக்கு ஐந்து நிமிடமே போதும், பத்தைத் தாண்ட வேண்டாம். பழகியவர்களுக்குக் கூட பதினைந்துக்கு மேல் போனால் கொப்புளம் எழும்பலாம். எடுக்கும்போது கப்பைப் பிடுங்க மாட்டார். ஒரு கையால் கப்பைச் சாய்த்து, மறு கைக் கட்டைவிரலால் விளிம்போரத் தோலை அமுக்குவார். புஸ்ஸென்று காற்று உள்ளே போகும், கப் தானாகக் கழன்றுவிடும்.

இதிலேயே வேறு வகைகளும் உண்டு. எண்ணெய் தடவி, ஒட்டிய கப்பை முதுகில் மேலும் கீழும் இழுப்பது ஒன்று. நன்றாக வலிக்கும், இரண்டாவது மூன்றாவது தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வைத்து வைத்து எடுப்பது இன்னொன்று, அது மென்மையானது. ஊசியால் குத்தி ரத்தம் எடுக்கும் ஈரக் கப்பிங்கை முதல் நாள் ஒத்துக்கொள்ளவே வேண்டாம். ஊசியோ கப்போ சுத்தமில்லாவிட்டால் ஹெபடைடிஸ் பி, சி போன்ற தொற்று வரலாம். அடிக்கடி செய்துகொண்டு ரத்தசோகையில் விழுந்தவர்களும் உண்டு.

தழும்பின் நிறம்

கண்ணாடியில் முதுகைப் பார்த்ததும் பலர் அரண்டுபோவார்கள். கருஞ்சிவப்பு வட்டங்கள், அவ்வளவுதான், ரத்தக்கட்டு. சில நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் மங்கிவிடும்.

அடர் ஊதாவாக இருந்தால் ரத்தம் தேங்கியிருக்கிறது, பளிச்சென்ற சிவப்பென்றால் உடம்பில் சூடு, நிறமே இல்லையென்றால் பலவீனம், கப்புக்குள் நீர்த்துளி தெரிந்தால் ஈரம் என்று சீன வைத்தியம் படிக்கும். சின்சே சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் எவ்வளவு பலமாக உறிஞ்சியது, எத்தனை நிமிடம் இருந்தது, எந்த இடத்துத் தோல் என்பதைப் பொறுத்தும் நிறம் மாறும். கருப்பாக வந்தால்தான் நன்றாகச் செய்தார் என்று நினைத்து "இன்னும் இறுக்கமாக வையுங்கள்" என்று கேட்காதீர்கள்.

நம் தோலுக்கு என்று ஒரு விஷயம் இருக்கிறது. இணையத்தில் வரும் படங்கள் எல்லாம் வெளிர்ந்த தோலில் எடுத்தவை. மாநிறத்திலும் கருத்த தோலிலும் வட்டம் சிவப்பாகத் தெரியாமல் கரும்பழுப்பாகத் தெரியும், சில நேரம் லேசாகத்தான் தெரியும். "சரியாகப் பிடிக்கவில்லை" என்று நினைத்து மறுபடி அதே இடத்தில் வைத்துவிடுவார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ரத்தக்கட்டு போன பிறகும் கருமை வாரக்கணக்கில் நின்றுவிடலாம். கல்யாணம், நிச்சயதார்த்தம் பக்கத்தில் இருந்து, முதுகு இறங்கிய ரவிக்கை போடுவதாக இருந்தால் ஒரு மாதம் முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்த பின்

சடாரென்று எழாமல் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் குடியுங்கள். அன்றைக்குக் குளிர்காற்று, ஐஸ் தண்ணீர், குளிர்ந்த நீரில் குளியல் எதுவும் கூடாது என்பது சீன மரபு. திறந்த துவாரங்கள் வழியாகக் குளிர் புகும் என்பார்கள். எம்ஆர்டி ரயில் ஏசியில் கழுத்து மூடிய சட்டை எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும். குளிப்பதைச் சில மணி நேரம் தள்ளிப் போடுவது தோலுக்கும் நல்லதுதான். வட்டம் விழுந்த இடத்தில் பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்க்காதீர்கள், மசாஜ் வேண்டாம், தைலத்தை அழுத்திப் பூசவும் வேண்டாம். லேசான அரிப்பும் நாள் முழுக்க ஒரு அசதியும் இருக்கலாம்.

சின்னக் கொப்புளம் வந்தால் குத்தாமல் விடுங்கள், தானாக வற்றிவிடும். பெரிதாக இருந்தால், சுட்ட மாதிரி இருந்தால், சிவப்பு பரவினால், சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். பழைய வட்டம் மறையாமல் அந்த இடத்தில் அடுத்த கப் வைக்கக் கூடாது.

வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா

நெருப்புக் கப்பை வீட்டில் செய்யவே கூடாது. ஸ்பிரிட் பாட்டில், திரைச்சீலை, மெத்தை, பழகாத கை எல்லாம் ஒரே அறையில் இருப்பது ஆபத்து. கடையில் விற்கும் பம்ப் கப்போ சிலிக்கோன் கப்போ போதும். பம்ப் என்றால் இரண்டு தடவை இழுத்தால் சரி. கை எட்டும் தோள், தொடைச் சதையில் மட்டும், ஐந்து நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து. தொண்டைப் பக்கம், முகம், அக்குள், முதுகெலும்பின் மேல் வேண்டாம். முதுகுக்கு ஒருவர் துணை வேண்டும், கப்பை வைத்துக்கொண்டு தூங்கிவிடக் கூடாது. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவிக் காய வையுங்கள். வீட்டில் ஆளுக்கொரு செட் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

சரி, அடுத்து எப்போது போவது? வட்டங்கள் மறைந்த பிறகு, வலி குறைந்திருக்கிறதா, கழுத்து முன்னை விடத் திரும்புகிறதா என்று பாருங்கள். குறைந்திருந்தால் இன்னும் ஒன்றிரண்டு தடவை போகலாம். கூடவே நாற்காலி உயரத்தையும் தலையணையையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் அதே இறுக்கம் அதே இடத்துக்குத் திரும்பி வரும். இரண்டு மூன்று தடவை போயும் துளி மாற்றம் இல்லையென்றால் அடுத்த பதிவை ரத்து செய்துவிட்டு பிசியோதெரபிஸ்டையோ மருத்துவரையோ பாருங்கள். பத்துத் தடவைக்கு மொத்தமாகப் பணம் கட்டினால் தள்ளுபடி என்று வரவேற்பில் சொன்னால், முதல் தடவை முடிந்த அன்றைக்கே அதற்குச் சம்மதிக்காதீர்கள்.